‘அசிங்கம்’ என்றார்கள், இப்போது இடிக்க விடமாட்டேன் என்கிறார்கள்: வாசகர் கேள்வி – பதில்

போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் கான்கிரீட் கட்டடங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டோம். கட்டடக்கலைஞர் ஒருவரும் கட்டுமானப் பொறியாளர் ஒருவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

லண்டனின் பார்பிகன் குடியிருப்பை 2003-ல் ஒரு வாக்கெடுப்பில் நகரத்தின் மிக அசிங்கமான கட்டடம் என்றார்களாம். இன்று அங்கே வீடு கிடைப்பதே பெரும்பாடு என்கிறார்கள். இருபது வருடத்தில் கண் மாறிவிடுமா? – வாசகர், அசோக் நகர்

கண் கொஞ்சம் மாறியது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் பராமரிப்பு. இதைப் புரிந்துகொள்ள பார்பிகனை மட்டும் பார்த்தால் போதாது, ஷெஃபீல்ட் நகரத்துப் பார்க் ஹில் குடியிருப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பார்பிகன், உலகப்போரில் குண்டு விழுந்து தரைமட்டமான பகுதியில் 1965 முதல் 1976 வரை எழுந்தது. வடிவமைத்தவர்கள் சேம்பர்லின், பவல், பான் என்ற மூவர். சுமார் 2,000 வீடுகள். சுவரைத் தொட்டுப் பார்த்தால் சொரசொரவென்று கையைக் கீறும். சென்ட்ரிங் பிரித்து, குறைந்தது 21 நாள் காயவிட்டு, பிறகு ஆட்கள் கைச்சுத்தியலால் மேல்தோலைக் கொத்தி எடுத்து உள்ளே இருக்கும் கிரானைட் ஜல்லியை வெளியே தெரியவைத்தார்கள். மூன்று கோபுரங்களும் நெடுநீளத் தாழ்வாரக் கட்டடங்களும் முழுக்க இப்படிக் கொத்தியவை. கொத்திய பரப்பில் மழைநீர் ஒரே தாரையாக இறங்காது, ஜல்லிக்கு ஜல்லி சிதறிப்போகும். அதனால்தான் வழவழப்பான கான்கிரீட்டில் விழும் கறுப்புக் கோடுகள் இங்கே குறைவு.

பார்பிகன் ஏழைகளுக்காகக் கட்டியதல்ல. நகர நிர்வாகம் நடுத்தர, உயர் நடுத்தர வருமானக்காரர்களுக்கு வாடகைக்கு விடக் கட்டியது. காவலாளி, துப்புரவு, லிப்ட், தோட்டம் எல்லாவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே ஆளும் பணமும் இருந்தன. 2001-ல், இடிக்கவிடாமல் காக்கும் அரசின் பாதுகாப்புப் பட்டியலிலும் ஏறிவிட்டது. ‘அசிங்கம்’ என்ற வாக்கெடுப்பு வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து! ஆக, ஊர் வெறுத்த காலத்திலும் உள்ளே குடியிருந்தவர்கள் கவனிப்புக்குக் குறையில்லாமல் இருந்தார்கள்.

பார்க் ஹில் 1957-லிருந்து 1961-க்குள் கட்டியது, 995 வீடுகள், முழுக்க மாநகராட்சியுடையது. ஒவ்வொரு மூன்றாவது மாடியிலும் மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு ‘வானத்துத் தெரு’; பால் வண்டியே அதில் ஓடும். புகைபிடித்த பழைய குடியிருப்புகளிலிருந்து வந்தவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே குளியலறை, குழாயில் வரும் வெந்நீர்ச் சூடு என்பதெல்லாம் பெரிய கொடுப்பினை. முதல் வருடங்களில் அங்கே குடிபோனவர்கள் அதை விரும்பினார்கள். எண்பதுகளில் ஷெஃபீல்டின் எஃகு ஆலைகள் மூடின, வேலை போயிற்று, மாநகராட்சியிடம் பணம் வற்றிற்று. விளக்கு எரியவில்லை, லிப்ட் நின்றது, காலியான வீடுகளை அடைத்தார்கள். அதன் பிறகுதான் ‘கான்கிரீட் அரக்கன்’ என்ற பேச்சு ஓங்கியது. கான்கிரீட் அதே கான்கிரீட்தான்.

1998-ல் பார்க் ஹில் பட்டியலில் ஏறியது. புதுப்பித்த விதத்தைப் பாருங்கள்: முதல் கட்டத்தில் கான்கிரீட் சட்டகத்தை மட்டும் விட்டுவிட்டு, இடையில் இருந்த செங்கல் சுவரையெல்லாம் எடுத்து வண்ண அலுமினியத் தகடு பொருத்தினார்கள். அடுத்த கட்டத்தை எடுத்தவர்கள் அதே செங்கல்லைச் சுத்தம் செய்து அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒரே கட்டடத்தில், சில வருட இடைவெளியில், மனம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். புகழ் வந்தபோது, முன்பு அங்கே வாடகைக்கு இருந்த எல்லோரும் திரும்பி வரவில்லை. பெரும்பகுதி விற்பனைக்குப் போனது. கிழக்கு லண்டனில் கீலிங் ஹவுஸ், பால்ஃப்ரன் டவர் இரண்டுக்கும் அதே கதைதான். கட்டடம் பிழைத்தது, யாருக்காகக் கட்டினார்களோ அவர்கள் வெளியே போனார்கள்.

ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்தவள் நான். உயரமாகக் கட்டி ஏழைகளை ஏற்றியதே தப்பு என்று பிரிட்டனில் முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்று படித்தேன். சரியா? – வாசகி, கே.கே. நகர்

உயரத்தின்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. ஏன் அவ்வளவு உயரம் போனார்கள் என்று பார்க்க வேண்டும். 1956-ல் வந்த சட்டப்படி மாடி கூடக் கூட அரசு மானியமும் கூடியது. நான்கு மாடி போதும் என்ற இடத்திலும் மாநகராட்சிகள் கோபுரம் எழுப்பின. 1967-ல்தான் அந்தக் கூடுதல் மானியம் நின்றது.

மக்கள் மனதை உடைத்தது ரோனன் பாயிண்ட். கிழக்கு லண்டன் நியூஹாமில் 22 மாடி, ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டியது. குடிவந்து இரண்டே மாதம். 1968 மே 16 விடியற்காலை, 18-ம் மாடி மூலை வீட்டில் ஒரு பெண் டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். கேஸ் குழாயை அடுப்போடு இணைத்த பித்தளை நட்டு தரக்குறைவானது. கசிந்த கேஸ் வெடித்தது. வெடிப்பு அப்படியொன்றும் பெரிதல்ல, அந்தப் பெண்ணே உயிர் பிழைத்தார். ஆனால் அது தள்ளியது பாரம் தாங்கும் பக்கச் சுவரை. சுவர் போனதும் மேலே இருந்த நான்கு மாடிகளுக்குப் பிடிமானம் இல்லை, அவை விழுந்தன. அந்தப் பாரத்தில் கீழேயுள்ள மாடிகளும் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தன. நான்கு பேர் இறந்தார்கள்.

1970-ல் கட்டட விதி மாறியது. ஐந்து மாடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தில் ஒரு தாங்கும் உறுப்பு போனாலும் சேதம் அந்த அளவோடு நிற்க வேண்டும். அல்லது அந்த உறுப்பு சதுர மீட்டருக்கு 34 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய மூன்றரை டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 1986-ல் ரோனன் பாயிண்டை வெடி வைக்காமல் மாடி மாடியாகக் கழற்றிப் பார்த்தார்கள். பலகைகள் சேரும் இடங்களில் கலவை நிரம்பவில்லை, உள்ளே வெற்றிடம். வரைபடத்தில் இருந்த பலம் மூட்டுகளில் வந்து சேரவில்லை.

இது நமக்கும் வேண்டிய பாடம். பெரும்பாக்கத்தில் 2022-ல் திறந்த 1,152 வீடுகள் ப்ரீகாஸ்ட் முறையில், அதாவது முன்பே வார்த்த பலகைகளை அடுக்கிக் கட்டியவை. இனி இந்த முறை கூடத்தான் போகிறது. முறையில் குற்றமில்லை. ப்ரீகாஸ்ட் வேலையில் மேற்பார்வைக்கு நிற்பவர் பலகையைப் பார்ப்பதைவிடப் பலகைகள் சேரும் மூட்டுகளைப் பார்க்க வேண்டும்: இணைப்புக் கம்பி முழு நீளத்துக்கு உள்ளே போயிருக்கிறதா, கீழிருந்து ஊற்றிய கிரௌட் (இடைவெளியை நிரப்பும் நீர்த்த கலவை) மேல் ஓட்டை வழியே பொங்கி வந்ததா, பலகையை நிமிர்த்தச் செருகிய ஆப்புகளே பாரம் தாங்கிக்கொண்டு நிற்கின்றனவா. இதை அடைத்து மூடுவதற்கு முன்னால்தான் பார்க்க முடியும்.

உயரமான கட்டடத்தில் ஏழைகளும் நன்றாக வாழ முடியும் என்பதற்கு மேற்கு லண்டனில் ட்ரெல்லிக் டவர் இருக்கிறது. எர்னோ கோல்ட்ஃபிங்கர் வடிவமைத்தது, 31 மாடி, 1972-ல் முடிந்தது. லிப்ட், படிக்கட்டு, குப்பைக் குழாய் எல்லாம் தனிக் கோபுரத்தில். மூன்று மாடிக்கு ஒரு பாலம் போட்டு வீடுகளோடு சேர்த்திருக்கிறார். லிப்டின் சத்தம் படுக்கையறைக்கு வராது. திறந்த புதிதில் வாசலில் காவல் இல்லாமல் அடாவடியும் திருட்டுமாக நாறிப்போனது. எண்பதுகளில் குடியிருப்போர் சங்கம் விடாமல் போராடி வாசல் கதவுப் பூட்டும் காவலாளியும் வாங்கியது. அதிலிருந்து நிலைமை திரும்பியது. 1998-ல் பட்டியலிலும் ஏறியது. கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட மாற்றவில்லை.

அங்கே சுவரெல்லாம் ஓதம், பூஞ்சணம் என்று புகார் இருந்ததே, மழைதான் காரணமா? – வாசகர், பெரம்பூர்

பெரும்பாலும் மழை இல்லை. வெப்பக்காப்பு இல்லாத கான்கிரீட் சுவர் குளிர்காலத்தில் வெளியே இருப்பதுபோலவே உள்ளேயும் சில்லிட்டிருக்கும். சமையல், குளியல், காயப்போட்ட துணி, மூச்சு எல்லாவற்றின் ஈரமும் அந்தச் சுவரில் பட்டு வியர்க்கும். முக்கியமாக, தளம் சுவரைத் தாண்டி வெளியே பால்கனியாக நீளும் மூலையில். அங்கேதான் கரும்பூஞ்சணம் முதலில் வரும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்சாரக் கட்டணம் ஏறியதும் குடித்தனக்காரர்கள் ஹீட்டரை அணைத்தார்கள், ஜன்னலை இறுக்கி மூடினார்கள். ஓதம் இன்னும் கூடியது. வெள்ளையடித்தால் ஒரு மாதத்தில் திரும்ப வரும். சுவரைச் சூடாக வைப்பதும் ஈரக்காற்றை வெளியேற்றுவதும்தான் வைத்தியம்.

நம் ஊரில் ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பதால் இந்த வகை ஓதம் அரிது. நமக்கு வருவது மொட்டைமாடித் தளத்திலிருந்தும் குளியலறைக் குழாயிலிருந்தும் இறங்கும் நீர்.

பிரிட்டனில் இந்தக் கட்டடங்களை எப்படிப் பாதுகாக்கிறார்கள்? நம் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பு வாங்க முடியுமா? – கட்டடக்கலை மாணவர், கிண்டி

நல்ல கேள்வி. எல்.ஐ.சி.க்கே லண்டன் தொடர்பு உண்டு. அதை முதலில் வரைந்தவர்கள் பிரவுன், மௌலின் என்ற லண்டன் கட்டடக்கலைஞர்கள். முடித்துக் கொடுத்தவர் நம்மூர் எல். எம். சித்தாலே. 1959-ல் திறந்தது. ஊரே ‘பதினாலு மாடி’ என்று அண்ணாந்து பார்த்தது. 1975-ல் தீப்பிடித்தும் நின்றது.

இங்கிலாந்தில் முறை இதுதான். பட்டியலில் மூன்று நிலை: முதல் நிலை, இரண்டாம் நிலை நட்சத்திரம், இரண்டாம் நிலை. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு ஆராய்ந்து பரிந்துரைக்கும், அமைச்சர் முடிவு செய்வார். பார்ப்பது கட்டடத்தின் கலைச் சிறப்பையும் வரலாற்றுச் சிறப்பையும்தான். பழுதுபார்க்க எவ்வளவு செலவாகும் என்பது இந்தக் கட்டத்தில் கணக்கில் வராது. பட்டியலில் ஏறினால் இடிக்கவோ குணம் கெட மாற்றவோ தனி அனுமதி வேண்டும்; அனுமதியில்லாமல் செய்தால் அது குற்றம். 1987-ல் முப்பது வருட விதி வந்தது: கட்டி 30 வருடம் ஆனாலே தகுதி. ஆபத்தில் இருக்கிற மிகச் சிறந்த கட்டடம் என்றால் பத்து வருடமே போதும். அடுத்த வருடமே, 1951-ல் கட்டிய லண்டன் இசையரங்கமான ராயல் ஃபெஸ்டிவல் ஹால் முதல் நிலையில் ஏறியது.

இந்த முறையும் எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை. ஸ்மித்சன் தம்பதியர் வடிவமைத்த கிழக்கு லண்டன் குடியிருப்பான ராபின் ஹுட் கார்டன்ஸுக்குப் பட்டியல் மறுத்து, 2017-ல் இடிக்கத் தொடங்கினார்கள். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதிலிருந்து மூன்று மாடி உயரத்துக்கு ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டது. போர்ட்ஸ்மத் நகரத்து வணிக வளாகமான ட்ரைகார்ன் சென்டர் 2004-ல் போனது, பர்மிங்காம் மத்திய நூலகம் 2016-ல் போனது. பிழைத்தது ப்ரெஸ்டன் பேருந்து நிலையம்: 1969-ல் கட்டியது, 2012-ல் நகர மன்றம் இடிக்க முடிவெடுத்தது, ஊர்க்காரர்கள் விடவில்லை, 2013-ல் பட்டியலில் ஏற்றினார்கள். 2018-ல் புதுப்பித்து இன்றும் பஸ் ஓடுகிறது.

இனி நம் நிலைமை. மத்திய தொல்லியல் சட்டம் 1958, நினைவுச்சின்னம் என்றால் குறைந்தது நூறு வயது கேட்கிறது. அந்தக் கணக்கில் எல்.ஐ.சி. 2059 வரை காத்திருக்க வேண்டும். டெல்லி பிரகதி மைதானத்து ஹால் ஆஃப் நேஷன்ஸ், ராஜ் ரேவல் வடிவமைத்து 1972-ல் கட்டியது. வயது போதவில்லை என்ற காரணமும் சேர, 2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடித்துவிட்டார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது. சென்னையில் இருக்கும் வழி, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு. அண்ணா சாலையின் பழைய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிப்பது பற்றிய வழக்கில் 2010-ல் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தக் குழுவுக்குப் பலம் கொடுத்தது. மாணவர்கள் இப்போதே செய்ய வேண்டிய வேலை ஆவணம்: தள வரைபடம், நான்கு பக்கத் தோற்றம், கதவு ஜன்னல் அளவு, சன்ஷேடு வெட்டுத்தோற்றம், பழைய புகைப்படம். ஆபத்து வந்த பிறகு ஓடினால் அளவெடுக்க உள்ளே விடமாட்டார்கள்.

இளவரசராக இருந்தபோது சார்லஸ் நவீனக் கட்டடங்களைத் திட்டினாரே, அவர் சொன்னது சரியா? – வாசகர், மயிலாப்பூர்

1984 மே 30, பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகத்தின் 150-வது ஆண்டு விழா. தேசிய ஓவியக்கூடத்துக்குத் திட்டமிட்ட புதுப் பகுதியை, நெடுநாள் அன்புத் தோழியின் முகத்தில் வந்த பயங்கரக் கட்டி என்றார். அந்த விழாவின் தங்கப் பதக்கம் யாருக்குத் தெரியுமா? நம் இந்தியக் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியாவுக்கு. பேச்சு பெற்ற பரபரப்பில் பதக்கம் மறைந்துபோனது.

கட்டடக்கலைஞர்கள் குடியிருப்பவர்களைக் கேட்காமலேயே கட்டினார்கள் என்ற அவரது குற்றச்சாட்டு சரிதான் என்பது எங்கள் கருத்து. கட்டடங்களைப் பற்றிய தீர்ப்பு நிற்கவில்லை. 1988-ல் அவர் அணுமின் நிலையத்தோடு ஒப்பிட்ட லண்டன் நேஷனல் தியேட்டர் 1994-ல் பட்டியலில் ஏறியது.

1970-களில் கட்டிய எங்கள் கட்டடத்தின் முகப்பு பூச்சில்லாத வெறும் கான்கிரீட். கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்கிறது. எல்லாவற்றையும் பூசிப் பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். பிரிட்டனில் எப்படிச் செய்கிறார்கள்? – குடியிருப்போர் சங்கச் செயலாளர், பெசன்ட் நகர்

பூச வேண்டாம். உள்ளே துரு வளர்ந்துகொண்டேயிருக்கும், மேலே பூசியது இரண்டு மழைக்காலத்தில் அட்டையாகக் கழன்று விழும்.

துரு ஏன் வருகிறது? புதுக் கான்கிரீட் காரத்தன்மை உள்ளது. அதற்குள் கம்பி பத்திரமாக இருக்கும். காற்றிலுள்ள கரியமிலவாயு வருடாவருடம் சிறிது சிறிதாக உள்ளே போய் அந்தக் காரத்தைக் கொல்லும். அது கம்பியைத் தொட்ட நாளில் துரு ஆரம்பம். பெசன்ட் நகரில் கடற்காற்றின் உப்பும் சேரும். அந்தக் காலத்தில் கம்பிக்கு வெளியே 15, 20 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) விட்டிருந்தாலே அதிகம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, கடற்கரைக் காற்றுக்கு நேரே நிற்கும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கவர், எம் 30 வலிமைத் தரம், தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45-க்கு மிகாமல் என்று கேட்கிறது.

முதலில் கட்டடம் முழுக்கச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். ‘ணங்’ என்றால் நல்லது, ‘பொக்’ என்றால் உள்ளே ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஒரு இடத்தில் புதிதாக உடைத்து, தூசியை ஊதிவிட்டு, ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். காரம் இருக்கும் பகுதி பளிச்சென்று ரோஜா நிறமாகும், செத்த பகுதி நிறம் மாறாது. ரோஜா எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, கம்பி இருக்கும் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். பத்துப் பதினைந்து இடத்தில் இதைச் செய்தால் எங்கே ஆபத்து, எங்கே தொடவே வேண்டாம் என்று தெரிந்துவிடும். துளையிட்ட தூளை ஆய்வகத்துக்கு அனுப்பி உப்பளவும் பாருங்கள். உப்பு அதிகமென்றால் ஒட்டுப்போடுவது மட்டும் போதாது. பக்கத்துக் கம்பி அடுத்துத் துருப்பிடிக்கும்.

பழுது பார்க்கும்போது வட்டத்தின் ஓரத்தைக் கட்டிங் மெஷினால் 10 மில்லிமீட்டர் நேராக வெட்டிக்கொள்ளுங்கள். ஓரம் இழைந்து மெலிந்தால் அங்கேதான் முதலில் பெயரும். கம்பிக்குப் பின்னால் 20 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை கொத்துங்கள், இருபுறமும் துருவில்லாத கம்பி தெரியும்வரை நீட்டுங்கள். உத்திரத்தில் கை வைப்பதற்கு முன் முட்டுக் கொடுத்துவிடுங்கள். கம்பி கண்ணுக்குத் தெரிகிற அளவு மெலிந்திருந்தால் பொறியாளர் கணக்குப் பார்த்துப் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். துருவைப் பளபளவென்று எடுத்து அன்றைக்கே துத்தநாக பிரைமர் அடியுங்கள், மறுநாள் என்று விட்டால் கடற்காற்றில் மறுபடி செம்மை பூக்கும். பரப்பை நனைத்து, மேலே தண்ணீர் நிற்காத பதத்தில், பாலிமர் கலவையை அடுக்கு அடுக்காக அழுத்தி வையுங்கள். ஈரச் சாக்கு ஏழு நாள்.

பிரிட்டனில் அதிகமாகப் பாடுபடுவது இதற்கு அடுத்த வேலையில்: ஒட்டுப் போட்டது தெரியக்கூடாது. நேஷனல் தியேட்டர் சுவரில் டக்ளஸ் ஃபிர் பலகையின் ரேகை அப்படியே பதிந்திருக்கும், முடிச்சுவரை எண்ணலாம். அப்படிப்பட்ட சுவரில் ஒட்டு இறுகுவதற்கு முன் அதே ரேகையுள்ள பலகையை அழுத்தி எடுக்க வேண்டும். உங்கள் கட்டடத்திலும் பலகை அடையாளம் இருந்தால் இதைச் செய்யுங்கள். நிறத்துக்கு, யார் கண்ணிலும் படாத பின்சுவரில் மூன்று நான்கு மாதிரி போட்டு 28 நாள் விடுங்கள். ஈரத்தில் ஒத்துப்போகும் கலவை காய்ந்ததும் வெளுத்துவிடும். எழுபதுகளில் ஆற்று மணல், இப்போது எம்-சாண்ட். நிறம் வேறுபட முதல் காரணம் அதுதான். கொஞ்சம் வெள்ளை சிமென்ட் கலந்து சரிக்கட்டலாம்.

பாசிக்கும் கறுப்புக்கும் ஆசிட் ஊற்றாதீர்கள், அது கவரையே தின்னும். மெல்லிய அழுத்தத் தண்ணீரும் நார் பிரஷ்ஷும் போதும். கடைசியில் சிலேன்–சிலாக்சேன் வகை நிறமற்ற பூச்சு, தண்ணீரை உள்ளே விடாது, ஈரத்தை வெளியே விடும். சன்ஷேடின் அடியில் நீர் சொட்டும் காடி அடைந்திருந்தால் மறுபடி வெட்டிவிடுங்கள். இடுக்கில் முளைத்த அரசங்கன்றை மேலாகக் கிள்ளாமல் வேரோடு எடுங்கள்.

மகனைப் பார்க்க லண்டன் போகிறோம். இரண்டு நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்? – வாசகர், வேளச்சேரி

முதல் நாள் வாட்டர்லூ நிலையத்தில் இறங்கி நேஷனல் தியேட்டர்; முன்கூடங்களுக்கு டிக்கெட் வேண்டாம். அங்கிருந்து ஆற்றோரமாக நடந்தால் ராயல் ஃபெஸ்டிவல் ஹால். மாலையில் பார்பிகன், மேல்தளப் பாதைகளில் தரையில் இருக்கும் மஞ்சள் கோட்டைப் பிடித்துப் போனால் கலை மையத்துக்கு வழி கிடைக்கும். இரண்டாம் நாள் கோல்போர்ன் சாலையிலிருந்து ட்ரெல்லிக் டவர், பிறகு நீவ் பிரவுன் வடிவமைத்த அலெக்சாண்ட்ரா ரோடு. படிப்படியாகப் பின்வாங்கும் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் பூந்தொட்டியோடு ஒரு திறந்த மாடி. இவை இரண்டும் ஆட்கள் குடியிருக்கும் இடங்கள், ஜன்னலைப் பார்த்துப் படமெடுக்க வேண்டாம். செப்டம்பரில் போவதாக இருந்தால் ஓபன் ஹவுஸ் விழாவில் வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல கட்டடங்களைத் திறந்துவிடுவார்கள். சிலவற்றுக்கு முன்பதிவு தேவை.